விரலில் விபூதி

அந்தப் பெண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்தவள் நான்தான். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வேண்டுதலுக்கென்று அழைத்து வந்து, உறவினர் விட்டுவிட்டுப் போன மனநோயாளிகளைப் பற்றி விசாரித்து, ஆளுக்கொரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். யாருமில்லாதவர்களை மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிடுவார்கள். ஊர் பேர் தெரியாமல் அங்கே போனால், அப்புறம் யார் தேடி வருவார்கள்?

அவளுக்கு முப்பது வயதிருக்கும். மொட்டைத் தலை. தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன். ம்ஹூம், வாயே திறக்கவில்லை. யாராவது விபூதி கொடுத்தால் நெற்றியில் இடமாட்டாள். விரலில் தேய்த்துக்கொண்டு வெறுங்காற்றைத் திரித்துக்கொண்டிருப்பாள். 'கைவிடப்பட்டவள். காரணமில்லாத விரல் அசைவு. பக்தி இல்லை' என்று எழுதினேன். நானோ சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி. விபூதியைப் பற்றி எனக்கென்ன தெரியும்! எழுதினேனே, அந்தத் திமிரைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மெட்ராஸ் ரயில். வியாழன் காலை, அம்மையார்குப்பத்திலிருந்து மொட்டை போட வந்த நெசவாளி ஒருவர் அவளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடே! இது பாவு பிணைக்குதும்மா."

"என்னய்யா சொல்றீங்க?"

"தறியில நீளவாக்குல ஓடுற நூல்தான் பாவு. பழைய பாவு தீந்தா, புதுப் பாவை இழை இழையா அதோட சேத்துத் திரிக்கணும். விரல் வழுக்காம இருக்க சாம்பல் தொட்டுக்குவோம். நெசவுக்காரப் பொண்ணும்மா இது. சும்மா கைய ஆட்டுதுன்னு எவன் சொன்னான்?"

எவன் சொன்னான்? சொன்னவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் துண்டின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி நீட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் அவள் சேர்த்துவிட்டாள். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் ஓடினேன்.

"ஆர்டர் வந்தாச்சு. இப்பப் போய் இழுத்தடிக்கிறியேம்மா!" என்று எரிந்து விழுந்தார்.

"நான் எழுதினது தப்பு சார். தப்பான பாரத்த வச்சு ஒரு உசுர அனுப்பாதீங்க."

முகத்தைச் சுளித்தார். "ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

நெசவாளி தறி உள்ள ஊர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினார். ஆறாம் நாள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து அவள் தம்பி ஓடி வந்தான்.

"கொழந்த செத்ததுலேர்ந்து அக்கா இப்படித்தாம்மா. முருகன் கிட்ட கூட்டினு வந்தோம், கிருத்திகைக் கூட்டத்துல தொலைச்சிட்டோம். நாலு மாசமா தேடிக்கினு இருக்கோம்."

கைவிடப்பட்டவளாம்! அதையும் நான்தானே எழுதினேன். டாக்டர் மருந்தெழுதி, மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்க்க வேண்டுமென்று உத்தரவு போட்டு, அவளைத் தம்பியோடு அனுப்பினார்.

நோய் ஒரே நாளில் போய்விடவில்லை. முதல் மாதம் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாதம் தறிக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் போகலாமென்று, நீட்டிக் கட்டியிருந்த பாவுக்கு மேலாக நான் காலைத் தூக்கியதுதான் தாமதம், ஒரு சத்தம் போட்டாள்.

"ஏம்மா, பாவைத் தாண்டாதே! சுத்திக்கினு வா!"

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. சுற்றிக்கொண்டுதான் போனேன். அன்றிலிருந்து யாருடைய பாரமானாலும், 'இவருக்குத் தெரிந்த தொழில் என்ன?' என்று ஓரத்தில் எழுதி விசாரித்த பிறகே அறிகுறி என்ற கட்டத்தில் பேனாவை வைப்பேன்.