கியூ உள்ள புத்தகம்

பொருளியல் படிப்பித்த சேர் கனடா போய்விட்டார். அந்தச் செய்தியோடுதான் வெள்ளவத்தையில் நான் வேலை செய்த புத்தகக் கடைக்குச் சாந்தினி டீச்சர் வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிப்பவர்.

“அண்ணை, திங்கட்கிழமையில இருந்து பொருளியலும் நான்தான் எடுக்கோணுமாம். எனக்கு அடியும் தெரியாது, நுனியும் தெரியாது. விளங்கேல்லை எண்டு பிள்ளையள் வேற பள்ளிக்கூடம் போனா, உயர்தர வகுப்பையே மூடிப்போடுவினம்.”

பாடப்புத்தகப் பகுதியில் தலை நரைத்தவன் நான். இப்படி வருகிறவர்களுக்கு ஒரே மருந்துதான் வைத்திருந்தேன்: இருப்பதில் தடித்த புத்தகம். எங்கள் ஆட்களுக்குப் பாரம் இருந்தால்தான் அது படிப்பு. எடுத்து நீட்டினேன்.

டீச்சர் விலையைப் பார்க்கவில்லை. “இதில கியூ இருக்கோ?” என்றார்.

“என்ன கியூ, டீச்சர்?”

“பெற்றோல் கியூ, காஸ் கியூ. தட்டுப்பாட்டு நேரம் நாங்கள் எல்லாரும் நிண்டதுதானே. ஏன் நிண்டனாங்கள் எண்டு இது சொல்லுமோ?”

இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்கே ஆவல் வந்துவிட்டது. அறிமுகப் புத்தகங்கள் எல்லாவற்றையும் மேசையில் இறக்கி, விலைக் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயத்தை இருவருமாகத் தேடினோம். தடித்ததில் வெளிநாட்டு வீட்டு வாடகைதான் உதாரணமாக இருந்தது. இன்னொன்றில் வெறும் வரைபடங்கள். மூலையில் கிடந்த மெல்லிய உள்ளூர்ப் புத்தகம் மட்டும், விலையைக் கீழே பிடித்துவைத்தால் பொருள் முந்தி வந்து நிற்பவருக்கே கிடைக்கும் என்று கதைபோலச் சொன்னது. டீச்சர் நின்ற நிலையிலேயே அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தார்.

“இதுதான் அண்ணை.”

அடுத்த வாரமே திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

“எல்லாருக்கும் விளங்கிட்டுது. எங்கட பள்ளிக்கூட அதிபரும் கடைசி வாங்கில பிள்ளையளோட இருந்து பாடத்தைக் கேட்டவ. அப்ப ஒரு பிள்ளை எழும்பி, ‘டீச்சர், விலையைக் கூட்டியிருந்தா கியூ இருந்திருக்காது, சரி. அம்மாட்ட அவ்வளவு சல்லி இல்லையே. எங்களுக்கு காஸ் கிடைச்சிருக்குமா?’ எண்டு கேட்டுட்டாள்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“நாளைக்குச் சொல்றன் எண்டன். வகுப்பு முடிய அதிபர், ‘உயர்தர வகுப்பை மூடத் தேவையில்லை, நடக்கட்டும். மறுமொழி சொல்லேக்க என்னையும் கூப்பிடுங்கோ’ எண்டவ.”

மெல்லிய புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுபடியும் எல்லாவற்றையும் மேசையில் இறக்கினோம். முதற்புத்தகம் நல்லதா என்பதை, வாங்கியவர் அடுத்த புத்தகத்துக்கு என்ன கேள்வியோடு வருகிறார் என்பதை வைத்துத்தான் சொல்லலாம். புதிதாக விற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

டீச்சர் இரண்டு புத்தகங்களைக் கொண்டுபோனார். ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவ்வளவு காலம் விற்றவன், ஒரு பொருளியல் புத்தகத்தை எனக்காக முதற்பக்கத்திலிருந்து வாசித்தது அன்றைக்குத்தான்.