பன்னிரண்டாவது தொட்டி

பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பழக்கம் ஜக்கு அக்காவுக்குக் கிடையாது. அழுத்திய கையோடு மேசைக்கடியிலிருந்து பிளாஸ்டிக் ஜக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த அலுவலக மாடியில் சுவரோரமாகப் பன்னிரண்டு பூந்தொட்டிகள். முதல் தொட்டி அவர் மேசைக்குப் பக்கத்தில், கடைசித் தொட்டி ஜன்னல் மூலையில்.

இருபது பேர் எழுதும் மென்பொருளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது அவர் வேலை. சேர்ப்பது என்னவோ ஒரு கருவிதான். "இதுக்குக் குறுக்கு வழியே தெரியாது. கடைசிப் படி வேணும்னு கேட்டாலும் முதல் படியில இருந்துதான் ஏறும்" என்று புதிதாக வருகிறவர்களிடம், சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். எழுதியதை முதலில் இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும். பிறகு ஆயிரத்துச் சொச்சம் சோதனைகளை ஓட்டும். எல்லாம் தேறினால் மூட்டை கட்டி வைக்கும். ஒரு படியில் சறுக்கினால் அடுத்ததில் காலை வைக்காது. தேறினால் திரையில் பச்சை, சறுக்கினால் சிவப்பு; எதுவானாலும் முடிவில் ஒரு மணி அடிக்கும். அக்காவின் கணக்கில் மாற்றுவதற்கு இரண்டு தொட்டி, சோதனைக்கு ஒன்பது, மூட்டைக்கு ஒன்று. மணி அடித்ததும், பாதி ஜக்கு மிச்சமிருந்தாலும், முடிவைச் சொல்ல ஓடிவந்துவிடுவார்.

மூன்று வாரமாக அந்த மணி மூன்றாவது தொட்டியிலேயே அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பச்சை. புதுக் கணினி, அதான் வேகம் என்றார்கள் சின்னவர்கள். கணினி வந்து ஆறு மாதம் ஆகிறதே என்று அக்கா குழம்பினார். நடை தளர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து, வீட்டுக் கூடத்தில் கணவரைக் கடிகாரத்தோடு நிற்க வைத்து நடந்து பார்த்தார். "நீ நடக்கிற வேகத்துக்கு நான் ஓடணும்" என்றார் அவர். குழப்பம் இரட்டிப்பானது. ஜன்னல் மூலைச் செடியின் இலைகள் வேறு சுருண்டுகொண்டே வந்தன.

அன்று நான்கு மணிக்கு மூட்டை மருத்துவமனைகளுக்குப் போகவேண்டும். நோயாளிக்கு மருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு இறங்கவேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லும் மென்பொருள் அது. அக்கா சம்மதித்தால்தான் போகும். குழுத் தலைவர் மேசைமேல் கையை ஊன்றி நின்றார்.

"பச்சை வந்துடுச்சுல்லக்கா?"

"வந்துடுச்சு தம்பி. ஏன் வந்துச்சுன்னுதான் தெரியல."

"சிவப்பு வந்தாலும் புலம்புறீங்க, பச்சை வந்தாலும் புலம்புறீங்க. நல்ல ஆளுக்கா நீங்க."

அவர் போனதும் அக்கா வேண்டுமென்றே ஒரு பொய்ச் சோதனையை எழுதினார்: இருபது சொட்டு என்று வரவேண்டிய இடத்தில் இருநூறு. கட்டாயம் சிவப்பு வந்தாகவேண்டும். அழுத்திவிட்டு ஜக்கை எடுத்தார். மூன்றாவது தொட்டியில் மணி. திரும்பிவந்து பார்த்தால் பச்சை.

அப்போதுதான் கருவி எழுதிவைக்கும் குறிப்பை வரிவரியாகப் படித்தார். நடுவில் ஒதுக்குப்புறமாக ஒரு வரி: சோதனைகள் ஓட்டப்படாமல் தாண்டப்பட்டன. தாண்டச் சொன்னது யார் என்று தேடினார். மாற்றியவர் என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. தேதியைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. மகள் விளையாட்டில் பல்லை உடைத்துக்கொண்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்த நாள். சீக்கிரம் முடியட்டும், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று போட்ட வரி.

மணி மூன்றரை. யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் அழித்திருக்கலாம். அக்கா தலைவரைக் கூப்பிட்டார்.

"நாலு மணிக்குப் போகாது தம்பி. மூணு வாரமா எதையுமே சோதிக்கல. தாண்டச் சொன்னது நான்தான்."

தலைவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். எது கெட்டிருக்கிறது, எது நன்றாயிருக்கிறது என்று கேட்டார். அதுதான் தெரியாது என்றார் அக்கா. தலைவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

அக்கா அந்த வரியையும் பொய்ச் சோதனையையும் எடுத்துவிட்டு அழுத்தினார். ஜக்கை நிரப்பிக்கொண்டு நடந்தார். மூன்றாவது தொட்டி தாண்டியது, மணி இல்லை. ஏழாவது தாண்டியது. பன்னிரண்டாவதில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் உள்ளே போனது. ஜக்கு காலியானது அக்காவுக்குத் தெரியவில்லை. மணிக்குக் காதைக் கொடுத்தபடி, ஜக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.