மெர்ல் சாகாத மத்தியானம்

உலகம் உண்டான நாள்முதல் மெர்ல் டாக்கெட் அளவுக்குச் செத்தவர் எவருமில்லை. சாவுக்கே ஏதாவது சந்தேகம் வந்தால் இவரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் ஃபிஞ்ச் கிரீக். தங்கம் தீர்ந்து சனம் ஓடிப்போனபின் வீடுகளை அப்படியே வைத்து, வேலி போட்டு, வேடிக்கை பார்க்க டிக்கெட் விற்கிறார்கள். தினம் நடுப்பகலில் ஒரு ஆட்டம்: மெர்ல் தங்கப் பெட்டியைத் திருடுவார். ஷெரீஃப் பொட்டுவெடித் துப்பாக்கியால் சுட, சாராயக்கடைக் கூரையிலிருந்து வைக்கோலில் விழுந்து சாவார். ஷெரீஃப் நான்தான், மீசை மட்டும் ஒட்டியது. செத்து எழுந்ததும் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவார், ஓட்டை வேலியை அடைப்பார், தன் டிரெய்லர் வண்டி வீட்டில் தனியாக முட்டை பொரித்துத் தின்பார்.

மகள் ஜோலீனுக்கு ஆறு வயது. ரீனோவில் தாயோடு இருக்கிறாள். போன கோடையில் வந்தபோது, அப்பா சாவதைப் பார்த்து வீறிட்டாள். செத்தவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதில் இன்னும் மிரண்டாள். அதன்பின் போனில்கூடப் பேசவில்லை. நேற்று, சாக்ரமெண்டோ போகும் வழியில், தாய் மறுபடி கூட்டிவந்தாள். சரியாக ஆட்ட நேரம்தான் வாய்த்தது.

"இன்னிக்கு ஒரு நாள் என்னைக் கொல்லாம விடுங்க மேடம்," என்று மேலாளர் ஹெட்விக்கிடம் கெஞ்சினார் மெர்ல்.

"கொள்ளைக்காரன் சாவான்னு டிக்கெட்டுலயே போட்டிருக்கே. வந்தவங்க நம்மளச் சும்மா விடுவாங்களா?"

என்னிடம் வந்தார். "டேய், கொஞ்சம் மெதுவா சுடுடா."

"மெதுவான்னா எப்படி? தடவிக் குடுக்கவா? போய்க் கூரையேறு பெருசு."

மெர்ல் பெட்டியோடு கூரை விளிம்பில் நின்றார். கீழே ஜோலீன் தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் விசையை இழுத்தேன். டிக். மறுபடி டிக். கூட்டம் சிரித்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நன்றாக முனகி, குதிரைச் சாணியில் விழுந்து செத்தேன்.

மெர்ல் விழித்தபடி நின்றார். ஜோலீன் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஜெயிச்சிட்டாரு!"

கூட்டமும் கைதட்டியது. ஹெட்விக் மட்டும் பாய்ந்து வந்தார்.

"பொட்டுவெடி ஈரமாயிடுச்சு மேடம்," என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மெர்ல் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"நான் சுடவே இல்லையே. நீ எப்படிடா செத்த?"

"பயத்துல."

என் கோட்டில் ஒட்டிய சாணியைத் தட்டிவிட்டார். கோட்டுப் பையிலிருந்து பொட்டுவெடிச் சுருள் உருண்டு விழுந்தது. ஒன்றைக் கிழித்துக் கல்லில் வைத்து, ஜோலீனைக் காதைப் பொத்தச் சொல்லி, குதிகாலால் மிதித்தார்.

டப்.

"நல்லாக் காஞ்ச ஈரம்டா இது," என்றார்.