பார்வையைத் தாழ்த்தப் பழகியவள்

"என் மேல ஏதாவது கோபமா, வெர்னா?" என்று பிரிஜிட் ஒருநாள் கேட்டே விட்டாள். குரங்குகளை வைத்து மூளையை ஆராயும் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதமாகியும் அதைக் கேட்க அவளுக்கு அன்றுதான் தைரியம் வந்தது.

வெர்னா குரங்குகளுக்காகத் திராட்சையைக் காம்பிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "கோபமா? எதுக்கு?"

"பேசும்போது என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறீங்க. ஷூவைப் பார்த்துப் பேசறீங்க."

"நல்ல ஷூதான். இந்த ராச்செஸ்டர் ஊர்ப் பனிக்குத் தாங்காது."

"விளையாடாதீங்க."

வெர்னா பல் தெரியாமல் சிரித்தாள். "குரங்கைக் கண்ணுக்குக் கண்ணு பார்த்தா அது என்ன நினைக்கும், டாக்டரம்மா?"

"சண்டைக்குக் கூப்பிடறோம்னு நினைக்கும்."

"அவ்வளவுதான் விஷயம். மத்தவங்க சாயங்காலம் கோட்டோட சேர்த்து குனிஞ்சு பார்க்கற பழக்கத்தையும் ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போறாங்க. என்னால கழட்ட முடியலை. கடையில பில் போடறவ என்னைத் திருடின்னே முடிவு பண்ணிட்டா."

பிரிஜிட் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

வெர்னா டீஃபென்டார்ஃப் ஊருக்கு வெளியே ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். நாய் காப்பகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இளம் வயதிலேயே குரங்குகளைப் பழக்கும் இந்த வேலைக்கு வந்தாள். கூண்டிலிருக்கும் குரங்கு தானாக வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். திரையில் ஒரு புள்ளி தோன்றினால் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் வாயருகே உள்ள குழாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு வரும். இவ்வளவையும் பழக்க மாதக்கணக்கில் ஆகும். அடம்பிடிக்கும் குரங்கின் முன் அவள் தலையைக் குனிந்து, உதடுகளைச் 'சப் சப்' என்று அடிப்பாள். குரங்குகளுக்குள் அதுதான் சிநேகிதம். கோபக்காரன் என்று பெயரெடுத்த பிஸ்கட் என்ற குரங்குகூட அதற்கு மசிந்துவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய தம்பி ரஸ் ஒருவன்தான் உறவு. அந்த ஜனவரியில் அவன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை, கால், நாக்கு எல்லாம் போயிற்று. நினைவும், மேலும் கீழும் அசையும் கண்களும் மிஞ்சின. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அவனோடு பேசக் கற்றுக்கொண்டாள்.

வெர்னாவுக்கு அது வரவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட மறுகணமே அவள் பார்வை போர்வையில் விழுந்துவிடும். பதிலை நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை பதற்றத்தில் தலையைக் குனிந்து, தம்பியைப் பார்த்தே 'சப் சப்' என்று உதட்டை அடித்துவிட்டாள்.

"நர்ஸ் வாயைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டா" என்றாள் பிரிஜிட்டிடம்.

"ரஸ்?"

"சிரிச்சானோ அழுதானோ. பார்த்தாத்தானே தெரியும்?"

பிறகு சாண்ட்விச்சைப் பிட்டபடியே சொன்னாள். "என்கூட வந்து இருந்துக்கோடான்னு கேட்டேன். வேண்டாம்னு சொல்றான்னு நர்ஸ் சொன்னா. மூஞ்சியைப் பார்க்கக்கூடப் பிடிக்காதவ வீட்டுக்கு அவன் ஏன் வரணும்?"

பிரிஜிட் தன் பங்குச் சிப்ஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அப்போது பிஸ்கட்டை வைத்துப் பிரிஜிட் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தாள். புள்ளி எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க அவனை முன்பே பழக்கியிருந்தார்கள். இப்போது அந்த விதியை மாற்றிவிட்டார்கள்: புள்ளியையே பார்க்க வேண்டும். முடியளவு மெல்லிய கம்பி ஒன்று அவன் மூளையில் ஒரே ஒரு செல்லின் அருகே இருந்தது. இடப்பக்கம் பார்ப்பதற்கு முன் வேலை செய்யும் செல் அது. அது துடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் சோளம் பொரிவதுபோலச் சத்தம் கேட்கும்.

முதல் நாள் புள்ளி வலப்பக்கம் வந்தது. கண் அசையும் முன்பே செல் படபடத்தது. கண் இடப்பக்கம் ஓடியது. சாறு இல்லை. பிஸ்கட் குழாயை நக்கிப் பார்த்துவிட்டு முறைத்தான். மறுநாளும் அதே கதை. கம்பியை எடுத்து வேறு செல்லின் அருகே வைத்தாலும் அதே கதை.

"தெரிஞ்சே செய்யறானா?" என்று கேட்டாள் வெர்னா.

"இல்லை. அவன் கண் நகர்றதுக்கு முன்னாடியே உள்ள முடிவாயிடுது."

"பாவம். என்னை மாதிரிதான்."

வாரங்கள் போயின. பனி உருகத் தொடங்கிய ஒரு காலை, புள்ளி வலப்பக்கம் தோன்றியது. சத்தம் இரண்டு பொரி வெடித்து அடங்கியது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கண் புள்ளியிலேயே போய் நின்றது. சாறு சொட்டியது. அடுத்த முறையும் சொட்டியது.

வெர்னா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் பிரிஜிட்டின் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்தாள். சிப்ஸ் பையைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. தினமும் சாப்பிடும்போது என்னை முறைச்சுப் பாரு. பிஸ்கட் முறைக்கிற மாதிரி."

"எனக்கு யாரையும் அப்படிப் பார்க்க வராதே, வெர்னா."

"தெரியும். ஆனாலும் உன்கிட்டதான் கேக்கறேன். மத்தவங்கன்னா சிரிச்சுடுவாங்க."

அவள் பார்வை மேசையை விட்டு எழும்பிப் பிரிஜிட்டின் மோவாய் வரை வந்து, அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது.

"நான் குனிஞ்சா ஒண்ணும் குடுக்காதே. குனியாம இருந்தா ஒரு சிப்ஸ் குடு. என்கூட வந்து இருக்கியான்னு ரஸ்கிட்ட இன்னொரு தடவை நானே கேக்கணும். அவன் பதிலை நானே பார்க்கணும். ஆரம்பி."