மச்சான் அழிக்கத் தந்த கேசட்

2003 ஜூன் 14, சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. பால் வாங்கி வைத்தேன். சைக்கிளைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். ரேஷன் கடையில் சீனி மட்டும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உத்தமபாளையத்திலிருந்து அனுமந்தன்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு சுருள் ஒட்டு நாடா. அக்கா வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

அக்காவின் கணவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். சுற்றுப்பட்டில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்பது மச்சானின் குரல்தான். "வந்திருக்கிற சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அவர் சொன்னால் பஸ்ஸுக்கு எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டுகளுக்கு நடுவே சினிமாக் கதைவசனக் கேசட்டுகளைப் போடுவார். பெரும்பாலும் ஒரே நடிகர் நடித்தவை. நாங்கள் இருவரும் பையன்களாக இருந்தபோதே கதாநாயகனாக இருந்து, எங்களுக்குத் தலை நரைத்த பிறகும் அப்பா வேடத்தில் வந்துகொண்டிருந்தவர்.

அவருடைய நடிப்பில் எது உச்சம் என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு. ஊர்க்கூட்டத்தின் நடுவே நின்று தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லும் தர்மகர்த்தா வேடம் என்பார் மச்சான். அந்த வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். மகனைப் பறிகொடுத்தபின் படம் முடியும்வரை வாயே திறக்காத படகோட்டி வேடம் என்பேன் நான். "பேசாம இருக்கிறதுக்கு நடிகன் எதுக்கு மாப்ள? எங்க வீட்டு ஆட்டுரல் போதாதா?" என்பார். கத்துவதுதான் நடிப்பென்றால் முதல் பரிசை உங்கள் குழாய்க்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். திராட்சைப் பந்தலில் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்யும்போதும், துக்க வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் இது ஓடும். விட்டுக்கொடுத்தவர் கிடையாது.

அந்த வருடம் அவர் தொண்டையில் கட்டி கண்டது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் புறப்பட்டுப் போய்ச் சேர வேண்டும். அவர்கள் மகள் பாப்பா அப்போது பத்தாம் வகுப்பு. என்றைக்காவது அவளுக்கு நடக்கப்போகும் கல்யாணத்தில் வருகிறவர்களை அப்பாவின் குரல்தான் வரவேற்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. வெற்றுக் கேசட் வீட்டில் இல்லை, கேசட் கடையும் அடைத்திருந்தது. கதைவசனக் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள பள்ளங்களை ஒட்டு நாடாவால் மூடினால், பழையதை அழித்துக்கொண்டு அதன்மேல் பதியலாம்.

அக்கா படகோட்டிக் கேசட்டை எடுத்தாள். அதில்தான் பேச்சே கிடையாதே என்றாள். மச்சான் அவள் கையைப் பிடித்தார். குரல் ஏற்கெனவே பாதி கம்மிப்போயிருந்தது.

"அது மாப்ளையோடது. அத அழிச்சிட்டா அப்புறம் நான் யாருகூடச் சண்ட போடுறது?"

தர்மகர்த்தாவை எடுத்து என்னிடம் தந்தார். நான்தான் நாடாவை ஒட்டினேன்.

ஆம்ப்ளிஃபயரைப் பக்கத்தில் வைத்து, ஒரு கையில் மைக்கும் இன்னொரு கை ஒலிக்குமிழிலுமாக உட்கார்ந்தார். முதலில் வரவேற்பு சொன்னார். பிறகு பாப்பாவிடம் ஏதோ சொன்னார். அவள் அழவும் பேச்சை மாற்றி என்னை வம்புக்கு இழுத்தார். மைக்கை என் பக்கம் நீட்டினார். கேசட் ஒரு பக்கம் முடியும்வரை சண்டை போட்டோம். அக்கா சிரித்ததைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்டால் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். "வேணாம் மாப்ள, இப்பக் கேட்டா தாங்காது. கல்யாணத்தன்னைக்குக் கேட்டுக்கிருவோம்" என்றார். அக்கா அதை என்னிடமே கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள்.

மச்சான் பிழைத்து வந்தார். கடையைத் தொடர்ந்து நடத்தினார், அறிவிப்புக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். எங்கள் வழக்கு நின்றுபோனது. படகோட்டி என்று நான் தொடங்கினால் கட்டைவிரலை ஆட்டி மறுப்பார். நான் மேற்கொண்டு பேச மாட்டேன்.

2008 ஆவணியில் பாப்பாவுக்குக் கல்யாணம். ஆட்கள் வருமுன்பே மண்டபத்தில் மச்சான் தம் கையாலேயே கேசட்டைப் போட்டார். இரைச்சல் கேட்டது. நீண்ட நேரம் இரைச்சல்தான். பிறகு திடீரென்று என் குரல், மண்டபமே அதிரும்படி, தெளிவாக: கத்துறதுதான் நடிப்பா மச்சான்? மறுபடியும் இரைச்சல். அவர் குமிழைத் திருகத் திருக அது பந்தலில் மழை விழுவதுபோல் பெருகியது. அதற்கடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் ஒரு முனகல்.

மச்சான் தம் இடது கையைப் பார்த்தார். எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. விரல்களைக் குவித்து இடப்பக்கமாகத் திருகிக் காட்டினார். வாய்க்கு அருகில் மைக்கை வைத்துப் பேசினால் குழாய் ஊளையிடும். அதனால் தாம் பேசும்போதெல்லாம் ஒலியைக் குறைத்து, அடுத்தவர் பேசும்போது கூட்டிவைப்பது அவருடைய கைப்பழக்கம். குழாயே இல்லாத அந்த வீட்டிலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது.

"என்ன சொல்றாக தம்பி?" என்றாள் அக்கா.

"தன்னோடதக் கொறச்சு வச்சிட்டாராம்க்கா."

அக்கா ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே போய்க் குனிந்து அதில் காதை வைத்தாள். வாசலில் முதல் வேன் வந்து நிற்கும்வரை அப்படியே நின்றாள். வரவேற்பை நான்தான் மைக்கில் சொன்னேன். மச்சான் எனக்காகக் குமிழைக் கூட்டிவைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த நடிகரின் உச்சம் எது என்று இப்போது யாராவது கேட்டால், தர்மகர்த்தா வேடம் என்கிறேன். சரிதான் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் பேச்சு நகர்வதில்லை.

படகோட்டியும் அந்தக் கேசட்டும் என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 2003 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. மச்சான் மதுரைக்குப் புறப்பட இன்னும் அரைநாள் இருந்தது, குரலும் இருந்தது. விடிந்ததும் முதல் வேலையாகக் கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நான் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் கவனமாக உரித்தெடுத்தேன், இனி யாரும் அதன்மேல் வேறெதையும் பதிந்துவிடக் கூடாதென்று.