பாடத்தில் வரும் கணவன்

என் மனைவி வேறொரு ஆணை ‘டியர்’ என்று கூப்பிட்டதைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகத்தான் முதலில் கேட்டேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் புகக்கூட இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் எங்கள் சமையலறையில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் மட்டும் அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

“குட் மார்னிங், டியர். டிட் யூ ஸ்லீப் வெல்?”

“யெஸ், டியர். வுட் யூ லைக் சம் டீ?” என்றது ஓர் ஆண் குரல். கனமான, நல்ல குரல்.

பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலுக்கு வந்து சிரித்தாள். “டீச்சரோட வெப்சைட்டு. என் மோளு காலைலேருந்து போன்ல இதே தான்.”

வெப்சைட்டைப் பற்றி எனக்குத் தெரியும். என் மனைவி இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பேசுகிறவர்கள். வகுப்பை விட்டால் ஆங்கிலம் காதில் விழாது. அதனால் ஒரு விடுமுறையில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஓர் இணையதளம் செய்தாள். படகுத்துறை, மீன்கடை, காய்கறிக்கடை என்று படங்கள். படத்தைத் தொட்டால் அவள் குரல் ஒரு வாக்கியம் சொல்லும். பிறகு பிள்ளை அதைச் சொல்லிப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் இடைவெளி. சுள்ளிக்கல் காய்கறிக்கடையில் படம் எடுக்கும்போது நான்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ‘வீட்டில் ஒரு காலை’ என்ற பாடத்துக்கு ஒரு கணவன் வேண்டியிருந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

“ஆரு அந்த டியரு?” என்று சமையலறைக்குப் போய் அவளிடம் கேட்டேன்.

“நம்ம ஸ்கூல் சயன்ஸ் மாஷ். நல்ல சவுண்டு, இல்ல?”

“வீட்டுக்காரன்னு நான் ஒருத்தன் இங்க இருக்கேனே.”

அவள் சிரித்துவிட்டாள். “நீங்க இங்கிலீஷ்ல பேசுவீங்களா?” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

அவள் கேட்டது நியாயம்தான். எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஃபேன், வயர், ஹோல்டர் என்று ஆங்கிலம்தான் வாயில். ஆனால் ஒரு முழு வாக்கியம் வராது.

பள்ளி ஆண்டுவிழாவில் அந்த மாஷைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். என் கையைப் பிடித்துக் குலுக்கி, டீச்சர் பிள்ளைகளுக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று மலையாளத்தில் சொன்னார். அவரிடம் வெறுப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

உண்மையில் என்னை அரித்தது அவரில்லை. ‘நன்றாகத் தூங்கினாயா’ என்று அவள் கேட்ட விதம். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்த விதம். என்னிடம் அவள், “கேஸ் புக் பண்ணியாச்சா?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் குளியலறைக்குப் போய்விடுவாள்.

நானே அந்தக் கணவனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். எர்ணாகுளம் போகும் படகில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடத்தைத் திறப்பேன். கணவனின் வரியைக் கற்றுக்கொள்ள மாஷின் குரலைத்தான் தொட வேண்டும். அவர் சொல்வார், நான் சொல்வேன். யார் குரலைக் கேட்டால் வயிறு எரிந்ததோ அந்தக் குரலுக்கு வாயசைத்தபடி தினமும் காயலைக் கடந்தேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடமே தேநீர் வேண்டுமா என்று கேட்டதுபோலாகி, அவள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வரி நன்றாகப் படிந்த பிறகு, அதை என் குரலில் பதிவு செய்யலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, வியர்வை வழிய உட்கார்ந்தோம். சொன்னேன். அவள் போட்டுக் கேட்டாள்.

“உச்சரிப்பு கொழப்பமில்ல. ஆனா சாயா வேணுமான்னு கேக்கறதுக்கு எதுக்கு இத்தனை தேஷ்யம்?”

“கோவமா? எனக்கா?”

மறுபடி சொன்னேன். மறுபடியும் கோபமாகத்தான் வந்தது. எனக்கே கேட்டது.

“மாஷ் மேலயா?” என்றாள்.

“மாஷ் மேல இல்ல. நீ அவருகிட்ட பேசற மாதிரி என்கிட்ட ஒருநாளாவது பேசியிருக்கியா?”

அவள் லாப்டாப்பை மூடினாள். “நான் அதைப் பேசறப்ப மாஷ் அங்க இல்லவே இல்ல. அவரு பேசினதை வேற ஒரு நாள் எடுத்து ஒட்டினேன். எம் முன்னால பிள்ளைங்க இருக்கறதா நெனச்சுத்தான் பேசினேன்.”

“அப்போ பிள்ளைங்களுக்குத்தான் அந்தக் குரலு. எனக்கில்ல.”

“பின்னே, உங்களுக்கு நான் கிராமர் சொல்லித் தரணுமா?” என்றாள். ஆனால் அன்று சாயா போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

கணவன் பாடம் மாறவில்லை. பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகிவிட்டதாம். எனக்காகப் புதிதாக ஒரு பாடம் எழுதினாள். வாங்கிய ஃபேன் ஓடவில்லை என்று கடைக்காரியிடம் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர். அவள் கடைக்காரி. முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. இப்போது சந்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால், “மை ஃபேன் இஸ் நாட் வொர்க்கிங்!” என்று கத்துகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் ‘ஆஸ்பத்திரியில்’ என்று ஒரு பாடம். மாஷ் டாக்டர், நான் நோயாளி. இந்த முறை பள்ளிக்கூடத்திலேயே இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பதிவு செய்தாள்.

“வேர் இஸ் த பெயின்?” என்று மாஷ் கேட்டார். அவ்வளவு அன்பாகக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். நெஞ்சில் என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

முடிந்ததும் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “வெரி குட், மாஷே,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “போற வழியில பால் வாங்கணும், கேட்டீங்களா.”

பால் வாங்கினேன். அந்தப் பாடத்தை மட்டும் இன்றுவரை நான் போட்டுக் கேட்டதில்லை.