பெட்டிக்குச் சாம்பிராணி

எழில்மதி தலையில் பூ வைத்து ஏழு வருஷமாகிறது. அவள் ஊரான பூவத்தில் அதற்கு ஆளுக்கொரு கதை கட்டினார்கள். உண்மையில் அவள் வேலை அப்படி. காரைக்காலில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வறையில் கருக்களை வளர்ப்பவள் அவள். பூ, பவுடர், சென்ட் எதுவும் அங்கே ஆகாது. ஊசிமுனையளவு கருவுக்கு வாசனையும் ரசாயனம்தான். வளரச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் ரசாயனம்தான்.

ஆயுதபூஜையன்று காலை ஆய்வறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சாம்பிராணிப் புகை. கருக்களை வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் முகப்பில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் தூபக்காலோடு, அறை துடைக்கும் திரிபுரசுந்தரி.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க!"

"எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சேன். இந்தப் பெட்டிய மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? பாப்பா, கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகம் நேத்து கையப் புடிச்சிக்கிட்டு கேட்டுச்சு, 'எம்புள்ளைங்க இருக்கிற பெட்டிக்கு ரெண்டு சுத்து காட்டுக்கா'ன்னு."

அஞ்சுகத்துக்கும் கண்ணையனுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இது மூன்றாவது முயற்சி. தேறியவை இரண்டே கரு. அவை கருவாகி அன்று மூன்றாம் நாள். ஒன்று சுரப்பது மற்றதைத் தேற்றும் என்று எழில்மதி இரண்டையும் ஒரே துளி திரவத்தில் விட்டிருந்தாள். துளியை மூடியிருந்த எண்ணெய் புகையை உறிஞ்சிக்கொள்ளுமே என்று பதறினாள்.

காற்று வடிகட்டியை மாற்றினாள். மையத்தின் டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"திறந்து திறந்து பாக்காத. சூடு போச்சுன்னா இருக்கிறதும் போயிடும். அஞ்சாம் நாள் பாரு."

இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. பெட்டியின் முப்பத்தேழு டிகிரியை முறைத்துக்கொண்டே நின்றாள். தன் மூச்சே உள்ளே போய்விடுமோ என்று ஓரடி தள்ளி நின்றாள்.

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒன்று எட்டுச் செல்லோடு கறுத்து நின்றுபோயிருந்தது. மற்றது உப்பி, நடுவே நீர் கோத்து, உயிரோடு.

வராந்தாவில் அஞ்சுகம் எழுந்து வந்தாள். பின்னால் கண்ணையன், அன்று கடலுக்குப் போகாமல்.

"ஒண்ணு நல்லா இருக்குங்க. இன்னொண்ணு நின்னுபோச்சு."

அஞ்சுகம் கேட்டாள், "பெட்டிக்குச் சாம்பிராணி காட்டுனாங்களா, இல்லியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எழில்மதி அப்படிச் சொல்லவில்லை.

"காட்டினாங்க. ஆனா கருவுக்குப் புகை ஆகாதுங்க. அதனாலதான் நின்னுச்சான்னு எனக்குச் சத்தியமாத் தெரியல. ஆகாதுன்னு உங்ககிட்ட முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்."

அஞ்சுகத்தின் முகம் வெளிறியது. "நான்தானே... நான்தானேங்க கேட்டேன்..."

"ஏய், சும்மா இரு. நீ என்னத்தக் கண்ட?" என்று கண்ணையன் அவள் தோளைப் பிடித்தான். பிறகு எழில்மதியைப் பார்த்துக் கேட்டான், "இருக்கிறத இவ வயித்துல எப்பங்க வைப்பீங்க?"

"பன்னெண்டு மணிக்கு."

உள்ளே போய்க் கைகளைக் கழுவினாள். அந்த ஒன்றை இந்தக் கைகள்தான் குழாயில் உறிஞ்சி எடுத்துத் தரவேண்டும். மணி பதினொன்றரை. கைகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள்.